எது உடைய வேண்டும்

கனகவேல் கொண்டுவந்து மேசையில் வைத்தது
இரண்டாய் முறிந்த ஓர் அரை அச்சு.
வாழைப்பால் கறை ஏறிய சாக்கில் சுற்றியிருந்தார்.
யானைக்கல் மண்டியில் தார் ஏலம் முடித்த கையோடு
நேரே கே.புதூருக்கு வந்திருக்கிறார்.
"எஞ்சின் மாத்தி ஒம்பதே நாள், மேடம்."

முறிந்த முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
சாவிக்காடியின் மூலையில் ஒரு புள்ளி.
அங்கிருந்து வரிவரியாக,
கண்மாய் வற்றும்போது
தண்ணீர் தங்கித் தங்கி இறங்கிய தடம் மாதிரி.
எல்லாம் பழைய வரிகள், துரு குடித்தவை.
ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பளபளப்பு:
அது மட்டும்தான் நேற்று முறிந்தது.
மிச்சமெல்லாம்
கப்பலில் வரும்போதே முறிந்துகொண்டு வந்தது.

வண்டி ஸ்பிட்ஃபயர், அறுபத்து நாலு மாடல்.
கொடைக்கானல் பங்களா ஷெட்டில்
கோழி அடைந்து கிடந்ததை
நாலு லோடு பூவன் காசுக்கு வாங்கினாராம்.
பிறந்தபோது அதற்கு அறுபத்து மூன்று குதிரை.
இப்போது பழைய பலேனோவின் எஞ்சின்,
ஜிப்ஸியின் கியர்பாக்ஸ்,
தொண்ணூற்று நாலு குதிரை.
இழுக்கிறவை மாறின. கட்டிய கயிறு
அதே கயிறு.

இ.என். இருபத்து நாலு கம்பி எடுத்தோம்.
மீராசா கடைந்தான்.
"மூலையே வைக்காதே மீராசா, வளைத்து விடு.
கூர் இருந்தால் விரிசலுக்குப் பட்டா கொடுத்த மாதிரி."
எண்ணூற்று நாற்பது டிகிரி.
மின்வாரியம் அன்று மனசு வைத்தது.
எண்ணெயில் இறங்கியபோது
பட்டறை முழுக்கக் கறுப்புப் புகை,
ஒரே ஒரு இருமல் சத்தம்.
பிறகு மறுசூட்டில் நிதானமாக,
வைக்கோல் நிறம், கத்தரிப்பூ, சங்குப்பூ நீலம்,
அதையும் தாண்டிச் சாம்பல்.
அந்தச் சாம்பலில்தான்
முறுக்கைத் தாங்கும் பொறுமை இருக்கிறது.

இருபதாம் நாள் ஒரு பொட்டலம்.
பிரித்தால் கடலை இல்லை;
டிபரன்ஷியலின் மூன்று பற்கள்.
பெரிய டிபரன்ஷியலைக் கோவையில் தேடிப்பிடித்துப் போட்டார்.
அடுத்த மாதம்
அதைத் தாங்கிய பிடிமானம் கிழிந்தது.
பலம் ஏற்ற ஏற்ற
பலவீனம் வீட்டைக் காலி செய்து
பக்கத்துத் தெருவுக்குக் குடிபோகிறது.

"அப்ப எல்லாத்தையும் மொத்தமா ஏத்துங்க" என்றார்.
"மொத்தமா ஏத்தினா மொத்தமா போகும்.
எது உடையணும்னு நாமளே முடிவு பண்ணுவோம்."
முகத்தைப் பார்க்க வேண்டுமே,
அழுகின தாரை நல்ல விலைக்குக் கேட்ட மாதிரி.

அரை அச்சு கூடாது,
சக்கரம் தனி வழி போய்விடும்.
பல் கூடாது, விலை.
நடுத்தண்டின் கிராஸ் உடையட்டும்:
ஆம்னியுடையது, நானூற்று ஐம்பது ரூபாய்,
எந்தக் கடையிலும் கிடைக்கும்.
அறுந்த தண்டு துள்ளிக் காலில் அடிக்காமல் இருக்க
கீழே ஓர் இரும்பு வளையம் பற்றவைத்தேன்.

வீட்டுக்கு இப்படி ஒரு படம்
யாரும் வரைந்ததில்லை.
அண்ணன் முறிந்த வருஷம்
வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது
நேற்று என்ன நடந்தது என்றுதான்.

ஞாயிறு காலை ஆறே கால், போன்.
அப்பன்திருப்பதி தாண்டி நிற்கிறாராம்.
"மேடம், உடஞ்சிருச்சு!"
பிள்ளை பாஸான குரல்.
"எது?"
"கிராஸ்தான். வளையத்துல தொங்குது தண்டு.
ஜாக்கி போட்டாச்சு.
இன்னொண்ணு சீட்டுக்கடியில வச்சிருக்கேன்ல."
பின்னால் மயில் ஒன்று அகவியது,
ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனது.

எட்டு மணிக்குள் கிளப்பிவிட்டார்.
மீராசாவுக்கு இன்னும் கூலி பாக்கி.
பழைய அச்சின் ஒரு பாதி
என் மேசையில் பில் பறக்காமல் பிடித்திருக்கிறது.
வரிகள் தெரியும்படி
மேல்பக்கமாகத்தான் வைத்திருக்கிறேன்.